கோமதி கட்டிய முடிச்சு

சங்கரன்கோவிலிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது நான் கல்லூரிப் பேருந்தில் இருந்தேன். "சார், அக்கா போயிட்டா. காலைல நெஞ்சு வலிக்குன்னா. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்றார் கோமதியின் தம்பி சங்கர். துக்கத்தோடு எனக்கு ஒரு பயமும் வந்தது. கோமதியை அறிந்து இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் அதைத்தான் சொல்ல வேண்டும்.

கல்லூரியில் பதினோரு ஆண்டுகள் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்து அறை. ஆண்டெனா ஆராய்ச்சி அவருடையது. கடைசி நான்கு ஆண்டுகளாக ஒரு துணியோடு மல்லுக்கட்டினார். பருத்தி நூலோடு மெல்லிய செம்புக் கம்பியைக் கட்டம் கட்டமாக நெய்தால், அந்தத் துணி ஒரு குறிப்பிட்ட ரேடியோ அலையை மட்டும் தடுக்கும், மற்றவற்றை விட்டுவிடும். ஆஸ்பத்திரியில் நுட்பமான கருவிகள் இருக்கும் அறைக்குத் திரையாகப் போடலாம் என்பது அவர் எண்ணம். நெய்து கொடுத்தது சங்கரின் விசைத்தறி.

முதல் துணி வேறு ஏதோ அலையைத் தடுத்தது. இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஒரு நாள் துணியை முகர்ந்து பார்த்த கோமதி, உடனே தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே, இதுக்குக் கஞ்சி போட்டியா?"

"ஆமாக்கா. காலேஜுக்குப் போற துணி, மொடமொடன்னு இருக்க வேண்டாமா?"

கஞ்சி காற்றின் ஈரத்தை இழுத்து, துணி தடுக்கும் அலையையே மாற்றியிருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நல்லா இருக்கட்டும்னு செஞ்சதுதான் சார் கெடுத்துட்டு. நானும் அப்படி ஏதாவது செஞ்சிருப்பேன்லா? எங் கைய நானே நம்ப மாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு துணியும் எந்த அலையைத் தடுக்கிறது என்று அவர் இரண்டு முறை அளப்பார். மூன்றாவது முறை, அவர் எண்களைப் பார்க்காமல் நான் அளக்க வேண்டும். போன மாதம் கடைசித் துணியைப் பொட்டலமாக நூல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். தேர்வு வேலை, சோம்பல், அவர்மேல் நம்பிக்கை, எதைச் சொல்வது? அளக்காமலேயே திருப்பிக் கொடுத்து, "சரியா இருக்கு மேடம்" என்றேன். "சரி சார்" என்றார். அந்தத் திரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதோ என்பதுதான் பேருந்தில் என்னை உலுக்கிய பயம்.

காரியம் முடிந்ததும் சங்கர் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். "சார் அளந்த பெறகுதான் அனுப்பணும்னு எடுத்து வச்சிருந்தா."

அதே பொட்டலம். அவர் போட்ட முடிச்சு அவிழ்க்கப்படாமல் அப்படியே இருந்தது. நான் அளக்கவில்லை என்று அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கும். கூடவே இருந்த நோட்டில் இரண்டு கட்டங்களில் அவர் எண்கள். மூன்றாவதில் பென்சிலால், "சார் அளக்கணும்." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆய்வகத்துக்கு வந்து, அவர் எண்களை மூடிவைத்து அளந்தேன். திறந்து பார்த்தால் என் எண் வேறாக இருந்தது. மறுபடி அளந்தேன், அதே எண். மூன்றாவது கட்டத்தில் அதை எழுதினேன். திரையை இன்னும் அனுப்பவில்லை. பிழை துணியிலா, அவர் கையிலா, என் கையிலா? கேட்க அவர் இல்லை.

துணியும் நோட்டும் ஆய்வகத்தில் இருக்கின்றன. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த நூல் மட்டும். கடைசியில் நான் முடிச்சை அவிழ்த்துவிட்டேன் என்பது அவருக்குத் தெரியாது.