மிதக்காத நாமக்கோழிகள்

தை மாதம் பறவை பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போவது என் வழக்கம். இந்த முறை போக மனசே இல்லை. சுந்தரபாண்டியம் போகும் வழியில் நான் எப்போதும் நிற்கும் கண்மாய்க்குள் பாய்லரில் எரிக்கும் பர்னஸ் ஆயில் ஏற்றிய லாரி ஒன்று கவிழ்ந்துவிட்டது. "பாதி எண்ணெய எடுத்தாச்சு மாப்ள, வந்து பாரு" என்று ராஜபாளையத்து நண்பன் சிக்கந்தர் போன் செய்ததால்தான் கிளம்பினேன். பேண்டேஜ் துணி வெளுக்கும் பட்டறை வைத்திருப்பவன்.

மதுரையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் எழுபத்தைந்து கிலோமீட்டர், பஸ்ஸில் இரண்டு மணி நேரம். கடைசி சீட், முதுகு கழன்றுவிட்டது. பால்கோவா வாங்கக்கூடத் தெம்பில்லை. சிக்கந்தர் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டான்.

வடகரைத் தண்ணீர் பளிச்சென்று இருந்தது. துணியில் எண்ணெய்ப் பசை எடுக்கும் சோப்பு மருந்தைப் பட்டறையிலிருந்து கொண்டுவந்து அடித்திருந்தான். தென்கரைக்கு இன்னொரு டிரம் காத்திருந்தது. கரையில் நாமக்கோழிகள், கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக உட்கார்ந்திருந்தன. கிட்டப் போனேன், நகரவில்லை. இத்தனை வருஷமாகக் கிடைக்காத படங்கள். எடுத்துத் தள்ளினேன்.

ஒன்று மட்டும் தண்ணீரில் இறங்கியது. மிதக்கவில்லை. கழுத்துவரை அமிழ்ந்து, தத்தளித்துக் கரையேறியது. சிக்கந்தர் ஓடிப்போய்த் தூக்கினான்.

"எண்ணெய்ப் பிசுக்கே இல்ல மாப்ள. ஆனா தோலு வரைக்கும் நனைஞ்சு கெடக்கு. எப்படி நடுங்குது பாரு."

இறகைத் தடவிக்கொண்டே இருந்தவன் முகம் சுண்டிப்போனது.

"பஞ்சு தானா தண்ணி குடிக்காது மாப்ள. அதுல இருக்க மெழுக எடுத்தாத்தான் பேண்டேஜ். அதத்தான் இதுக இறகுக்கும் பண்ணிட்டேன்."

எண்ணெயும் எங்கும் போய்விடவில்லை, தண்ணீரோடு கலந்துதான் இருந்தது. நல்லது செய்யப்போன ஆளை எப்படித் திட்டுவது?

டிரம் பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் பொறுமையிழந்தார். "மருந்த அடிங்க தம்பி. வயலுக்குத் தண்ணி தொறக்கணும்ல?"

"மருந்து வேண்டாம்ணே. மில்லுல கழிவுப் பஞ்சு கேக்கேன். வெளுக்காத பஞ்சு எண்ணெய மட்டும் குடிக்கும்."

"அதப் போட்டு அள்ள எம்புட்டு நாளாகும்?"

"ஆகட்டும்ணே. இன்னொரு கரையையும் நான் கெடுக்க மாட்டேன்."

பஞ்சு வந்தது. பொழுது சாயும்வரை போட்டுப் போட்டு அள்ளினோம், கால்வாசிகூடத் தீரவில்லை. வனத்துறைக்குச் சொன்னோம், வந்து பறவைகளைப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சிக்கந்தர் தூக்கிய கோழி அதற்குள் அவன் சுற்றி வைத்திருந்த துண்டிலேயே உயிரை விட்டுவிட்டது. அவன் துண்டைப் பிரிக்கவே இல்லை.

இந்தப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கரையில் நிழல் கிடையாது. நீர்ப்பறவை நீங்கள் கிட்டப் போயும் நகராமல் உட்கார்ந்திருந்தால் சந்தோஷப்படாதீர்கள். தண்ணீருக்குள் விரட்டாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்தப் பதிவில் படம் இல்லை. எடுத்ததெல்லாம் அருமையாக வந்திருக்கிறது, அதனால்தான் போடவில்லை.