கோலுக்கு முன்னால் ஊதிய விசில்

திருவிழாக் கால்பந்துப் பந்தயத்தில் விசில் ஊதுகிறவர் எந்த அணியோடும் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்பது அந்தோணியார்புரத்து வழக்கம். அதனால் தொம்மைக்குப் பிரியாணி பள்ளிக்கூட அறைக்கே வந்துவிடும். பெஞ்சைக் கதவோரம் இழுத்துப் போட்டு, வெளியே நடக்கிற கேலிப் பேச்சைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

அது அவர் பிறந்த ஊர். இப்போது இருப்பது திண்டிவனத்தில், மோட்டார் காயில் கட்டும் கடைக்கு மேலே ஒற்றை அறையில். மனைவி இறந்துபோன பிறகு, "நீ வந்தாதான் மேட்ச்" என்று அவரைத் தேடி ஒரு போன் வருவது வருஷத்தில் திருவிழா நடக்கும் ஆனி மாதம் மட்டும்தான்.

அந்த வருஷம் இறுதி ஆட்டத்தில் ஊர் அணியும் பக்கத்து ஊரான காணையின் அணியும் மோதின. காணை ஒரு கோல் முன்னால் இருந்தது. முடிய இரண்டு நிமிஷம். மூலையிலிருந்து உயர்ந்து வந்த பந்துக்கு இரண்டு பேர் எகிறினார்கள். மண்டையோடு மண்டை மோதிய சத்தம் கோயில் வாசல் வரை கேட்டது. காணையின் பிரவீன்குமார் குப்புற விழுந்தான். பந்து ஊர் கேப்டன் லூர்து பிரகாஷின் காலடியில். எதிரே காலி கோல்.

சின்ன அடி என்றால் ஆட்டத்தை ஓடவிடலாம், பெரிய அடி என்றால் அந்தக் கணமே நிறுத்த வேண்டும். எது சின்னது, எது பெரியது என்று முடிவு செய்ய ஒரு மூச்சுதான் அவகாசம். விழும்போது பிரவீன்குமார் கையை ஊன்றவில்லை. தொம்மை அதைப் பார்த்தார், ஊதினார். அதற்குப் பிறகுதான் பந்து வலைக்குள் போனது.

பிரவீன்குமார் எழுந்து உட்கார்ந்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு தண்ணீர் கேட்டான், இளித்தான்.

"யோவ் தொம்மை, காணைக்காரன் பிரியாணியையும் சேத்துத் துன்னுட்டியா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

கோல் செல்லாது என்று கைகாட்டிவிட்டு, தொம்மை பந்தைக் காணை கோல்கீப்பரிடம் கொடுத்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். வேறு கோல் விழவில்லை.

விழாக் கமிட்டி சின்னப்பன் மைக்கோடு வந்தான். தொம்மையின் மைத்துனன்.

"மச்சான், அவசரப்பட்டு ஊதிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு. காணைக்காரனுங்ககிட்ட நான் பேசிக்கிறேன். இல்லாங்காட்டி அடுத்த வருஷம் உன்னக் கூப்புட என்னால ஆவாது."

தொம்மை மைக்கை வாங்கினார். "நான் ஊதும்போது பந்து கோட்டுக்கு இந்தாண்ட இருந்துச்சி. அவன் எழுந்துக்குவான்னு எனக்குத் தெரியாது. காணை ஜெயிச்சிச்சி."

மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். பிரவீன்குமாரைத் தேடிப் போய் நம்பரை வாங்கிக்கொண்டு, "வாந்தி வந்தா ஜல்தியா விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போயிடுப்பா" என்றார். பஸ் நிற்கும் மெயின்ரோடு வரை நடந்தார். ஊர்ப் பைக்குகள் அவரைக் கடந்து போயின. ஒன்றும் நிற்கவில்லை.

மறு வருஷம் ஆனி வந்தது. போன் வரவில்லை. திருவிழா ஞாயிறன்று காலை கடை பூட்டியிருந்தது. இரண்டு தரம் டீ குடித்தார். பிறகு அவரே ஓர் எண்ணை அழுத்தினார்.

"பிரவீன்குமார்ங்களா? ரெஃப்ரி தொம்மை பேசறேன். தலைல ஒண்ணும் தொந்தரவு இல்லியே?"

"எந்தத் தல சார்? ஓ, அதுவா! அப்பவே மறந்துட்டேன் சார். இன்னிக்கி உங்க ஊருக்குத்தான் கெளம்பிக்கினு இருக்கோம். நீங்கதான ஊதுறீங்க?"

"இல்லப்பா, வேற ஆளு" என்றார் தொம்மை. "நல்லா ஆடுங்க."