பதினேழாம் எண் முத்திரை

என் அம்மா இடக்கை வெல்டர். மருந்து ஆலைகளுக்குப் போகும் மெல்லிய ஸ்டீல் குழாய்களை மயிரிழை பிசகாமல் இணைப்பாள். ஒவ்வொரு இணைப்பின் அருகிலும் வெல்டர் தன் எண் உள்ள முத்திரையைக் குத்தியாக வேண்டும். அம்மாவின் எண் பதினேழு. கணக்கில் நான் வழக்கமாக வாங்கும் மார்க்கும் அதுதான்.

பக்கத்து மேடையில் வேலை செய்பவளை நான் அத்தை என்பேன்; அம்மாவுக்கு உயிர்த்தோழி. மெல்லிய குழாய்க்கான தேர்வில் தோற்றதால் அதற்கான முத்திரை கிடைக்காதவள். “ஒரே வாரம் உன் முத்திரையக் குடுடி, அடுத்த தடவ பாஸ் பண்ணிடறேன்” என்று கெஞ்சினாள். அம்மா கொடுத்துவிட்டாள்.

சோதனையில் ஒரு குழாய் ஒழுகியது. அருகில் பதினேழு. மேற்பார்வையாளர் இருவரையும் கூப்பிட்டார். இணைப்பின் வரிகள் அத்தையைப் போன்ற வலக்கைக்காரர் ஓட்டிய திசையில் இருந்ததை அம்மா பார்த்ததுமே கண்டுகொண்டாள். சொன்னால் முத்திரை இரவல் போனது தெரிந்து இருவர் வேலையும் போய்விடும். ‘கேக்காம எடுத்துட்டேன்’ என்று அத்தை ஒரு வார்த்தை சொன்னால் அம்மா தப்பிப்பாள்.

“யார் வேலை இது?”

அத்தை முந்திக்கொண்டாள். “அதான் நம்பர் இருக்கே சார்.”

அன்றே அம்மாவின் முத்திரையைப் பறித்து, பிசிறு தேய்க்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

“அத்தை டிபன் பாக்ஸ்ல பல்லி போடட்டுமாம்மா?” என்று கேட்டேன்.

அம்மா தன் இடக்கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டிவிட்டாள்.

“ரப்பர் பல்லியாப் போடுடி. நெஜப் பல்லின்னா மயங்கி விழுந்துடுவா.”