வெட்டிப் போட்ட காசு

என் கணவரைச் சஸ்பெண்ட் செய்த ஆபீஸ் தல்லாகுளத்தில் இருந்தது. எங்கள் வாடகை வீட்டிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். எட்டு மாதம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. ஒரு நிலத் தகராறு ஃபைல் காணாமல் போயிருந்தது. கடைசியாக அது இருந்தது அவருடைய மேஜையில். எதிர்த்தரப்பிடம் கை நீட்டிவிட்டு ஃபைலை மறைத்துவிட்டார் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. விசாரணை முடிகிறவரை பாதிச் சம்பளம், முழு அவமானம். எண்பதுகளின் தொடக்கம் அது.

அவர் பதறவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு பெருமாள் கோயிலுக்குப் போவார், வருவார், பேப்பரை விரித்து உட்காருவார்.

"பெருமாள் பாத்துக்குவாரு."

"எப்பங்க பாப்பாரு? நீங்க ரிட்டயராகி ஒக்காந்த பெறகா?"

"அவருக்குத் தெரியாதா எப்பன்னு?"

எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவுவேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டால் தபால்காரரோ என்று ஓடுவேன். தெருக்குழாயில் நான் குடத்தோடு போய் நின்றால் அங்கே பேச்சு நின்றுவிடும். நானும் சாமி கும்பிடுகிறவள்தான். ஆனால் அந்த எட்டு மாதமும் விளக்கேற்றும்போது கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன். ஒரு பைசா கை நீட்டி வாங்காத மனுஷனுக்கு இதுதான் கூலியா, நியாயம் என்று ஒன்று இருந்தால் காட்டு என்று தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பேன். கேட்டு முடிப்பதற்குள் கிழித்த குச்சி விரலைச் சுடும்.

சாமி காட்டாத ஆளை நானே கண்டுபிடித்தேன். ஆபீஸில் என் கணவருக்குப் பக்கத்து சீட்டுக்காரர். செல்லூரில் வீடு. இவருக்கு நாலைந்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, "மதினி, காப்பி" என்று உரிமையோடு கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து அவர் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. போதாக்குறைக்கு இவருடைய சீட்டை அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் காய்கறிக் கடையில் என்னைப் பார்த்ததும் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? வீட்டில் இவரிடம் சொன்னேன். "தம்பி அப்படிப்பட்ட ஆளில்ல" என்று பேப்பரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

எதிர்வீட்டு அக்காதான் வழி சொன்னாள். "காளி கோயில்ல காசு வெட்டிப் போட்டுட்டு வாடி. ஆத்தா கேக்குற கேள்வியில ஆளு தானா வந்து விழுவான்." எங்கள் பக்கத்தில் இது போலீஸ் ஸ்டேஷனுக்கும் மேலே. களவு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், கெடுதல் செய்தவனை ஒன்றும் செய்ய முடியாதவர்கள் அம்மன் சந்நிதியில் பிராது சொல்லி, ஒரு காசை இரண்டாக வெட்டிப் போட்டுவிட்டு வருவார்கள். பிறகு அது அம்மன் வழக்கு. இடையில் சமாதானமாகிவிட்டால், வெட்டியவரும் யார் மேல் வெட்டினாரோ அவரும் சேர்ந்து வந்து நின்று பிராதைத் திரும்ப வாங்க வேண்டும். ஒருவர் மட்டும் வந்தால் செல்லாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கண் டாக்டரிடம் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஆற்றங்கரைக் கோயில். உச்சி வெயிலில் தரை கொதித்தது. மரக்கட்டையும் உளியும் சுத்தியலும் தயாராகக் கிடந்தன. எனக்கு முன்னால் மாடு களவுபோன ஒருவர் ஒரே அடியில் வெட்டிவிட்டுப் போனார். என் முதல் அடி வழுக்கிக் காசு தெறித்து ஓடியது. தேடி எடுத்து வந்து மறுபடி அடித்தேன். மூன்றாவது அடியில் துண்டானது. "எங்க குடும்பத்த இந்த நெலமைக்குக் கொண்டு வந்தவன் எவனோ, அவன் கையுங் காலும் வெளங்காமப் போகணும், ஆத்தா" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்கு வேலை மிச்சமாகட்டும் என்று பெயரையும், செல்லூரில் எந்தத் தெரு என்பதையும் சொன்னேன். அன்று ராத்திரி ஏழு மாதத்தில் முதல் தடவையாக அயர்ந்து தூங்கினேன்.

மூன்று வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா குடத்தோடு ஓடி வந்தாள். செல்லூர்க்காரர் மூச்சுவிட முடியாமல் படுத்திருக்கிறாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று பாயசம்கூட வைத்தேன். இவர் என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

பாயசம் வைத்து நாலு நாள் இருக்கும். ஆபீஸ் பியூன் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தார். "அண்ணே, ஃபைல் கெடைச்சிருச்சு! செல்லூரு அண்ணந்தான் கண்டுபிடிச்சாரு. ஆறு மாசமா டெய்லி ஆபீஸ் விட்டதும் ரெக்கார்டு ரூமுக்குள்ள போயி கட்டுக் கட்டாப் பிரிச்சுப் பாத்தாருண்ணே. அம்புட்டுத் தூசியிலயும் கெடந்துதான் நெஞ்சு கட்டிக்கிருச்சு. நேத்து இருமிக்கிட்டே வந்து எடுத்துட்டாரு."

ஃபைல் வேறொரு பழைய கட்டுக்குள் இருந்ததாம். நாடா இரட்டை முடிச்சுப் போட்டு, நுனி உள்ளே செருகியிருந்ததாம். இவர் தன் கையைப் பார்த்தார்.

"அது நான் போடுற முடிச்சுதான்" என்றார். "நானே தெரியாமச் சேத்துக் கட்டியிருக்கேன்."

பியூனுக்குக் காபி போட அடுப்படிக்குப் போனேன். அந்த உளியின் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் செல்லூருக்குப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவே, குறுகிய சந்தில், அவர் கயிற்றுக் கட்டிலில் தலையணையை உயர்த்திச் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்க மதினி. ஒங்க மொகத்துல முழிக்க முடியாமத்தான் ஓடி ஒளிஞ்சேன். அண்ணன் சீட்டுல ஒக்காந்துக்கிட்டு அண்ணன் வீட்டுலயே காப்பி குடிக்க முடியுமா? ஃபைலோட வரணும்னு இருந்தேன்."

அவர் மனைவி காபியோடு வந்தாள். தம்ளரை வாங்க என் கை நீளவில்லை. காசு வெட்டிப் போட்டதைச் சொன்னேன். யார் பெயரைச் சொல்லி என்பதையும் சொன்னேன். அந்தப் பெண் முகம் வெளிறி அப்படியே நின்றாள். அவர் மட்டும், "என்னன்னு வேண்டுனீங்க?" என்று கேட்டார். வார்த்தை மாறாமல் சொன்னேன். ஆத்தாவுக்கு வேலை மிச்சம் என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை. மூச்சு வந்ததும் முகத்தில் சிரிப்பு இல்லை.

"மதினி, எம்பேரைச் சொன்னது கெடக்கட்டும். கொண்டு வந்தவன் எவனோன்னீங்களே, அந்த மொதச் சொல்ல மட்டும் ஆத்தா கேட்டிருந்தா, இன்னைக்கு அண்ணன்தான படுத்திருப்பாரு?"

அந்தச் சொல்லோடுதான் பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து இவரிடமும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "நல்லவேளை, ஆத்தா ஒன் பேச்சக் கேக்கல" என்றார். எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. கேட்காதவள் அந்த ஃபைலை எட்டு நாளில் காட்டியிருக்கக் கூடாதா? எதற்கு எட்டு மாதம்? அந்த மனுஷன் நெஞ்சு எதற்குப் புண்ணாக வேண்டும்? இதற்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது, கேட்பதையும் நான் விடவில்லை. ஆனால் யாருக்கு என்ன தண்டனை என்று சாமிக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை அன்றோடு விட்டேன்.

செல்லூர்க்காரர் எழுந்து நடமாட ஒரு மாதம் ஆயிற்று. நாங்கள் மூன்று பேரும் ஒரே பஸ்ஸில் அந்த ஆற்றங்கரைக்குப் போனோம். நான் பூசாரியிடம் பிராதைத் திரும்ப வாங்க வந்திருப்பதாகச் சொன்னேன்.

"யாரு மேலம்மா வெட்டுனது? அந்த ஆளு வந்திருக்காகளா?"

திரும்பிப் பார்த்தேன். ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருமிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு என் கணவர் கைகூப்பி நின்றார்.

"ரெண்டு பேருந்தான்" என்றேன்.

பூசாரி இரண்டு நெற்றியிலும் குங்குமம் வைத்துவிட்டு, மூன்றாவதாக என்னிடம் வந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.