பொயிலருக்கு விட்ட தண்ணீர்

எண்பதுகளின் நடுவில், வட்டுக்கோட்டைப் பக்கத்துச் சோடாக் கொம்பனி ஒன்றில் பொயிலர் பார்ப்பதுதான் என் வேலை. அது காஸில் எரிகிற பொயிலர். போத்தல் கழுவும் சுடுதண்ணீரும் சீனிப்பாகு காய்ச்சும் நீராவியும் அதிலிருந்துதான் வரும். கொழும்பிலிருந்து லொறியில் சிலிண்டர் வந்தால் கொம்பனி ஓடும். வராவிட்டால் எல்லாரும் வேப்பமரத்துக்குக் கீழே குந்தியிருந்து ஊர்க்கதை கதைப்போம். எனக்குப் படிப்பு ஏறவில்லை. காணி பூமி இல்லை, கலியாணமும் ஆகவில்லை. ‘பொயிலர்காரன்’ என்று ஊரில் ஒரு பெயர் மட்டும் இருந்தது. அந்தப் பெயரைத்தான் சொத்துப் போல வைத்திருந்தேன்.

மாதம் ஒருமுறை அதைக் கழற்றித் துப்புரவாக்குவேன். முதல்நாளே சிலிண்டரைப் பூட்டி ஆறவிட வேண்டும். காலையில் அடியில் இருக்கிற குழாயைத் திறந்து தண்ணீரை வெளியே விடுவேன். பர்னரைக் கழற்றி, காஸ் வருகிற சின்னத் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி அடைப்பெடுப்பேன். புகைக்குழாய்களுக்குள் நீளப் பிடி போட்ட கம்பித் தூரிகையை விட்டுக் கரியை இழுப்பேன். பிறகு பக்கத்து மூடியைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டு, குழாய்களின் தண்ணீர்ப் பக்கத்தில் படிந்திருக்கிற சுண்ணாம்பைச் சுரண்டுவேன். எங்கள் மண்ணுக்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். எவ்வளவு நல்ல தண்ணீர் என்றாலும் கொஞ்சம் படியத்தான் செய்யும். அது தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்பே வெந்துபோகும். எல்லாம் பூட்டி முடித்ததும் காஸ் பொருத்துகளில் சவர்க்கார நுரை தடவி, எங்காவது குமிழி வருகிறதா என்று பார்ப்பேன்.

முதலாளிக்கு அதுவரை பொறுமை கிடையாது. பொயிலரைப் பூட்டியவுடனே அதற்கு முன்னால் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைக்க வேண்டும் அவருக்கு. நுரை பார்க்க முதல் நெருப்புப்பெட்டியோடு கிட்ட வரவேண்டாம் என்று ஒருநாள் கத்தியே விட்டேன். பிள்ளையார் பொறுப்பார், காஸ் பொறுக்காது என்றேன். அன்றிலிருந்து சவர்க்காரம் முதல், சாமி பிறகு என்பது கொம்பனியின் வழக்கமாகிவிட்டது.

பொயிலருக்குப் பெரிய சத்துரு தண்ணீர்தான். கொம்பனி வளவுக்குள் இருந்த கிணறு சவர்க்கிணறு, வாயில் விட்டால் கரிக்கும். ஆகவே கொஞ்சம் தள்ளி, தோட்டக் காணிகளுக்கு நடுவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறொன்றில் முதலாளி பங்கு எடுத்திருந்தார். பங்குக் கிணறு என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு, அவரவர் முறை நாளில்தான் இறைக்கலாம். எங்கள் முறை செவ்வாயும் வெள்ளியும். அன்றைக்கு மெசின் வைத்து இறைத்து, உழவு இயந்திரம் இழுக்கிற தண்ணீர்ப் பவுசரில் கொண்டுவந்து, சோடாத் தொட்டிக்கும் பொயிலர்த் தொட்டிக்கும் விடவேண்டும்.

அந்த வேலைக்கு அத்தானைச் சேர்த்துவிட்டது நான்தான். அக்காவின் கணவர் லொறி ஓட்டியவர். கொழும்புப் பாதையில் சோதனையும் பயமும் கூடியபின் வீட்டோடு இருந்தார். மூன்று பிள்ளைகள் வேறு. ஆள் எப்படி என்று முதலாளி கேட்டபோது, அவருக்கு நான் பொறுப்பு என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அந்த வருடமே அத்தான் பங்குக் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் நட்டார். அந்தத் துண்டுக்குக் கிணற்றில் முறை இல்லை. யாரோ பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீர் கொடுக்கிறார் போலும் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்குப் போனால் வெங்காயப்பூ வறையோடு சோறு கிடைத்தது. நன்றாக ரசித்துச் சாப்பிட்டேன்.

கோடை தொடங்கியபின் ஒருமுறை மூடியைத் திறந்து கையை விட்டேன். வழக்கமாகத் திருநீறு மாதிரி உதிர்கிற சுண்ணாம்பு, சட்டியின் அடியில் பிடித்த சோறு போல இறுகிக் கிடந்தது. பகல் முழுக்கச் சுரண்டினேன். முழங்கைத் தோல் உரிந்ததுதான் மிச்சம், உள்வரிசைக் குழாய்களில் அது அசையவே இல்லை. அத்தானிடம் கேட்டேன். மழையில்லாமல் பங்குக் கிணற்றிலும் சவர் ஏறிவிட்டது என்றார். நம்பினேன். அதை என் வார்த்தையாகவே முதலாளியிடம் கொண்டுபோய்ச் சொல்லி, பொயிலரைக் கொஞ்ச நாள் நிறுத்துவோம் என்றும் கேட்டேன். கோடையில்தான் சோடா விற்கும், கொளுத்து என்றார் அவர்.

அந்த மாதம் முடியவில்லை, உள்ளே ஒரு குழாய் வெடித்து நீராவி சீறியது. நல்லகாலம், யாருக்கும் சுடவில்லை. முதலாளி எங்கள் இருவரையும் பொயிலருக்கு முன்னால் கூப்பிட்டு நிறுத்தினார். இரண்டு சோடாவைத் திறந்து ஒன்றைத் தான் குடித்து, மற்றதை என்னிடம் நீட்டினார். குடித்தேன். ஒரு குறையும் இல்லை.

“ஒரே கிணத்துத் தண்ணி,” என்றார். “சோடா நல்லாக் கிடக்கு. பொயிலருக்கு மட்டும் எப்பிடிச் சவர் வந்தது?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சோடாத் தொட்டிக்கு மட்டும் நல்ல தண்ணீர் வந்திருக்கிறது. பொயிலருக்கு வளவுக் கிணற்றுத் தண்ணீர். எங்கள் முறையில் மிச்சம் பிடித்ததெல்லாம் வெங்காயத்துக்குப் பாய்ந்திருக்கிறது. சோடா கரித்தால் குடிக்கிறவன் துப்புவான், பொயிலருக்கு நாக்கா இருக்கிறது? எந்தத் தண்ணீர் விட்டீர்கள் என்று அத்தானிடம் கேட்டேன். அவர் என் பக்கம் திரும்பாமல் முதலாளியிடம் சொன்னார்.

“நான் நல்ல தண்ணிதான் விட்டனான் ஐயா. தம்பி இந்தமுறை உள்ளுக்குச் சுரண்டேல்லை. எனக்குச் சொல்ல விருப்பமில்லை. எண்டாலும் உங்கடை சாமான்.”

பொய்யைக்கூட மறந்துவிடலாம். அந்த ‘விருப்பமில்லை’யை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றி எரியும். உரிந்த முழங்கையை நீட்டிக் காட்டினேன். முதலாளி அதைப் பார்க்கவில்லை. கிணற்றின் மேல் பழி போட்டுப் பொய் சொன்னவன் என்று நான் அவர் கணக்கில் ஏற்கெனவே விழுந்துவிட்டேன். வெங்காயத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அக்காவின் பிள்ளைகளை நினைத்து விழுங்கினேன். அக்காவிடம் சொன்னால் போதும், அவளே அத்தானை இழுத்துவந்து உண்மையைச் சொல்லவைப்பாள் என்று நம்பினேன். அன்றைக்கே என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். வேலை செய்யாமல் பொயிலரை வெடிக்கவிட்டவன் என்று பின்னேரத்துக்குள் ஊரெல்லாம் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, கொம்பனியின் முறை நாளில், கண்ணால் பார்த்துவிட்டு அக்காவிடம் சொல்வோம் என்று தோட்டத்துக்குப் போனேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் பவுசரோடு கொம்பனிக்குப் போயிருந்தார். வாய்க்காலில் நின்றவள் அக்கா. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்வெட்டியால் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். ஒரு பாத்தி நிறைந்ததும் அதன் வாயைக் கட்டி அடுத்ததை வெட்டிவிடுகிற வேலை அது. கண் பார்க்க முதல் அவளுடைய கை செய்தது. அது அன்றைக்குத்தான் முதன்முதலாக மண்வெட்டி பிடித்த கை இல்லை, பலநாள் பழகிய கை.

அவளே சொன்னாள்.

“உனக்கு வேலை போனா நீ ஒருத்தன். அவருக்குப் போனா நாங்கள் அஞ்சு பேர். நான்தான் அவரை அப்பிடிச் சொல்லச் சொன்னனான்.”

பாத்தி நிறைந்து வழியப் பார்த்தது. குனிந்து வாயைக் கட்டினாள். பிறகு வரம்பில் பிடுங்கிக் கிடந்த வெங்காயத்தில் ஒரு பிடியை அள்ளி, கறிக்குக் கொண்டுபோ என்று நீட்டினாள்.

அத்தானை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். அவர் கலியாணத்தால் வந்த மனிதர். அக்காவும் நானும் ஒரே கோப்பையில் சோறு பிசைந்து சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அந்த வெங்காயத்தை அவள் கையிலேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் வீட்டில் நான் சாப்பிடவில்லை.