லவீனியா கோல்பியின் ஜன்னல்

நெப்ராஸ்காப் புல்வெளியில் எது வீடு, எது வீடில்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் நிலப் பதிவு அலுவலர் விட்காம் ஒருவருக்குத்தான் இருந்தது. கண்ணாடி ஜன்னல் இல்லாத எதையும் அவர் வீடு என்று ஒப்புக்கொள்ளமாட்டார். "அது பொந்து. பொந்துக்கெல்லாம் அரசாங்கம் பட்டா குடுக்காது" என்பார். விளைச்சலில் பாதியை வெட்டுக்கிளிக்கும் மீதியை ஆலங்கட்டிக்கும் கொடுத்தபடி ஐந்து வருஷம் உழுதவனிடம் இதைச் சொல்வார்.

மரமே முளைக்காத சீமையில் ஜன்னலுக்கு எங்கே போவது? புல்வேரோடு மண்ணைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து அடுக்கினால் சுவர். மேலேயும் அதே மண். சுவரில் ஓர் ஓட்டை விட்டு, எண்ணெய்க் காகிதம் ஒட்டிக்கொள்வார்கள். அதிர்ஷ்டமிருந்தால் கூரையிலிருந்து பாம்பு விழாது.

விதவை லவீனியா கோல்பியிடம் மட்டும் அசல் ஜன்னல் இருந்தது. நீலச் சட்டம், நாலு கண்ணாடி. ஒஹாயோவிலிருந்து இறகு மெத்தைக்குள் சுற்றி, வண்டியில் பிள்ளையைப்போல் அணைத்துக்கொண்டு வந்தாள். வழியில் கடிகாரம் உடைந்தது, பீங்கான் உடைந்தது, புருஷன் ஜெபதையா காய்ச்சலில் போனான். ஜன்னலில் கீறல் விழவில்லை. "இதையாவது ஆண்டவர் விட்டு வெச்சாரே" என்று அவள் சொன்னதைச் சிலர் துக்கம் என்றார்கள். ஜெபதையாவைத் தெரிந்தவர்கள் லாபக் கணக்கு என்றார்கள்.

அக்கம்பக்கத்தில் யாருக்குப் பட்டா விசாரணை வந்தாலும் அந்த ஜன்னல் அவர்கள் வீட்டுக்கு விருந்து போகும். மண்சுவரில் சொருகி, ஓரம் பூசி, விட்காம் வந்து பார்த்துவிட்டுப் போனதும் திரும்பி வரும். கூடவே கொஞ்சம் பன்றிக் கொழுப்போ, மக்காச்சோள ரொட்டியோ வரும். எல்லா வீட்டிலும் நீலச் சட்டமே இருப்பதை விட்காம் கவனிக்காமல் இல்லை. "இந்தப் பக்கத்துல நீலம்தான் நாகரிகம்போல" என்றாராம்.

கடைசியாக இரவல் வாங்கியவன் ஏஸா ட்ரம்போ. ஞாயிறு ஜெபத்தில் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்கிறவன். பட்டா வாங்கினான், ஜன்னல் மட்டும் திரும்பி வரவில்லை. தன்னுடைய விசாரணை நெருங்கவே லவீனியா நேரே போய் நின்றாள்.

"என் ஜன்னலைக் கழட்டிக் குடுப்பா, ட்ரம்போ."

"எந்த ஜன்னல், கோல்பியம்மா?"

"இந்தா இருக்கே, நீலமா! நீதான தலையில சுமந்துட்டு வந்த?"

"இது என் வீட்டு ஜன்னல்னு அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு. நான் போயி அரசாங்கத்தைப் பொய்யாக்க முடியுமா?"

லவீனியா சட்டத்தைப் பார்த்தாள். விரல் தடிமனில் ஆணிகள். ட்ரம்போவின் மனைவி மடியில் துப்பாக்கியோடு ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். லவீனியா வந்த வழியே திரும்பி நடந்தாள்.

அது போதாதென்று, கோல்பியம்மா வீட்டில் ஜன்னல் கிடையாது, அவள் உரிமையை ரத்து செய்து நிலத்தைத் தனக்குத் தரவேண்டும் என்று அவன் மனுவும் கொடுத்திருந்தான். அவள் நிலத்தில்தான் ஓடை இருந்தது.

விசாரணைக்கு ஊரே நிலப் பதிவு அலுவலகத்தில் கூடியது.

"இந்தம்மா வீட்டுல ஜன்னல் உண்டா, இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்றார் விட்காம்.

லவீனியா திரும்பிப் பார்த்தாள். அவள் ஜன்னலைக் காட்டிப் பட்டா வாங்கிய முகங்கள் அத்தனையும் தத்தம் பூட்ஸையே ஆராய்ந்துகொண்டிருந்தன. ஜன்னல் அவளுடையது என்று சொல்கிறவன், தன் வீட்டில் என்ன இருந்தது என்றும் சொல்லியாக வேண்டும். பக்கத்து நிலத்து வண்டிக்காரன் ஈனோக் ஸ்டப்ஸ் மட்டும் இருமினான். அது சாட்சியமாகாது.

"இருக்குதுங்கய்யா" என்றாள் லவீனியா. "தொடைக்கிறதுக்காகக் கழட்டி வெச்சிருக்கேன்."

"அப்ப சாப்பிட்டுட்டு நேர்ல போய்ப் பாத்துடுவோம்."

எதிர் ஓட்டலில் விட்காம் ஆப்பிள் பணியாரத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடும்வரை அவள் வாசலில் நின்றாள். ஸ்டப்ஸைக் காணோம். அவனும் நழுவிவிட்டான் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

விட்காமின் குதிரைவண்டியில் அவளுக்கு எதிரே உட்கார்ந்த ட்ரம்போ வழியெல்லாம் ஆறுதல் சொன்னான். "கவலைப்படாதீங்க கோல்பியம்மா. ஓடையில நீங்க எப்ப வேணா வந்து தண்ணி மொண்டுக்கலாம். நான் அப்பிடிப்பட்ட ஆளில்ல."

மேடேறி இறங்கியதும் வெயிலில் ஏதோ பளிச்சென்றது. அவள் வீட்டுச் சுவரில் ஜன்னல். பழுப்புச் சட்டம், ஆறு கண்ணாடி. ஓரத்து மண் இன்னும் ஈரம். வாசலில் ஸ்டப்ஸின் மனைவி கெஸையா, முழங்கைவரை சேறோடு நின்று, "தொடைச்சு மாட்டிட்டேன் லவீ!" என்று கூவினாள்.

"இது இந்தம்மா ஜன்னலே இல்ல!" ட்ரம்போ கத்தினான்.

விட்காம் நிதானமாகத் திரும்பினார். "அப்ப இவங்க ஜன்னல் எது? எங்க இருக்கு?"

தன் பட்டா ஞாபகம் வந்த ட்ரம்போ குனிந்து வண்டிச் சக்கரத்தைச் சரிபார்க்கத் தொடங்கினான். முதல்முறையாக அவனிடமிருந்து ஆமென்கூட வரவில்லை.

விட்காம் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். "நல்ல ஜன்னல். இந்தப் பக்கத்துல நீலம் இல்லாத மொத ஜன்னல் இதான். எங்க ஆபீஸ்லகூட இதே மாதிரி ஒண்ணு இருக்கு." மனுவைத் தள்ளுபடி செய்து அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

வண்டி மறைந்ததும் ஓடைச் சரிவிலிருந்து ஸ்டப்ஸ் எழுந்து வந்தான்.

"யாரோடதுய்யா இது?" என்றாள் லவீனியா.

"ட்ரம்போ பொண்டாட்டி துப்பாக்கியோட அந்த ஜன்னல விட்டு நகரல. வேற எங்க போறது? அவரு பணியாரம் தின்னுட்டிருந்தாரு, ஆபீஸ் பின்பக்கம் யாருமில்ல..."

லவீனியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அரசாங்கத்து ஜன்னலையா புடுங்கிட்டு வந்த?"

"இரவல்தான் கோல்பியம்மா" என்றான் ஸ்டப்ஸ், மனம் புண்பட்டு. "நாம எல்லாரும் செய்யறதுதானே?"

பட்டா வாங்கிக்கொள்ள அழைப்பு வந்தபோது அவள் இறகு மெத்தையில் சுற்றிய ஒரு மூட்டையோடு போனாள். நண்பகலில் அலுவலகத்துக்குள் விளக்கு எரிந்தது. பின்சுவரில் பலகை அடித்திருந்தது. பட்டாவை வாங்கி மடித்து ரவிக்கைக்குள் பத்திரப்படுத்திய பிறகுதான் மூட்டையைப் பிரித்தாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா. இது உங்களோடது."

விட்காம் பழுப்புச் சட்டத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். அவள் ரவிக்கைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த தன் கையெழுத்தின் வாலைப் பார்த்தார். முகம் வெளுத்தது. சட்டென்று எழுந்து கதவைச் சாத்தினார்.

"என்னம்மா பேசறீங்க? இது உங்க வீட்டு ஜன்னல். நானே நேர்ல வந்து பாத்து எழுதியிருக்கேன்."

"ஐயா, பின்னாடி ஓட்டை..."

"ஓட்டையெல்லாம் இல்ல! எனக்கு வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது. எடுத்துட்டுப் போங்க. நல்லா மூடி எடுத்துட்டுப் போங்க!"

அவள் மெத்தையை மறுபடி சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினாள். விட்காம் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டு, அவன் வீட்டில் கண்ணாடி ஜன்னல் உண்டா என்று கேட்டார்.