நாற்பத்து மூன்றாவது பதிவு

பெற்ற மகள் கல்யாண மண்டபத்துக்குள் நடந்து வரும்போது சாவுப் பாட்டு வாசிக்க வைத்த தகப்பன் இந்த ஊரில் ஒருவன்தான் உண்டு. அது நான்தான். தெரியாமல் செய்திருந்தால் மன்னிப்பு உண்டு. நான் ஆறு வருடம் ஆராய்ச்சி செய்து, நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்து, ஒத்திகையும் பார்த்துவிட்டுச் செய்தேன்.

பாட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சொன்னால் கேட்பவர்களுக்குத் தூக்கம் வந்துவிடும் என்பது என் மனைவியின் கருத்து.

கே.ஜி.எஃப். என்கிற எங்கள் கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யார் இறந்தாலும் பேண்டு செட்டு வரும். வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது ஒரே ஒரு மெட்டுத்தான். அம்மன் கோயில் வீடா, சர்ச்சு வீடா, எங்களைப் போல புத்தர் படம் மாட்டிய வீடா என்று அந்த மெட்டு பார்ப்பதில்லை. அது காதில் விழுந்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரும் எழுந்துவிட வேண்டும். தெருவில் நிற்பவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை. கொட்டாவி மாதிரி, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வருவது.

முப்பது வருடம் மாரிகுப்பத்தில் காலை ரயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போனவன் நான். ரயில் அங்கேயிருந்துதான் கிளம்பும் என்பதால் ஜன்னலோரம் கிடைக்கும். வேலைக் காலத்தின் கடைசி வருடங்களில் பாட்டுக் கேட்க மகள் ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தாள். செல்போனில் ஏதோ ஒரு பாட்டு முடிந்தால் அதுவே அடுத்ததைத் தேடிப் பிடித்துப் போடும். ஒரு நாள் பங்காருபேட்டை தாண்டி அரைத்தூக்கத்தில் இருந்தேன். காதில் ஒரு பியானோ. திடீரென்று எழுந்து நின்றேன். செருப்பைக் கழற்றினேன். கண் திறந்து பார்த்தால் என் இடத்தில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டிருந்தார். பெங்களூர் வரை நின்றுகொண்டே போனேன். ஒரு செருப்பு வேறு சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

எங்கள் சாவுப் பாட்டை அமெரிக்காவில் ஒருவன் பியானோவில் வாசித்துக்கொண்டிருக்கிறான்!

அன்றைக்குப் பிடித்த பைத்தியம். தேடத் தேடத்தான் தெரிந்தது, அது ஜாஸ் உலகத்தில் எல்லோரும் கை வைக்கும் பாட்டு. ‘ஸ்டாண்டர்ட்’ என்கிறார்கள். தெருக்குழாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒன்றுதான், அவரவர் குடத்தை அவரவர் கொண்டுவர வேண்டும். பிறந்த கதை பரிதாபம். ஏதோ ஒரு மேடை நாடகத்துக்காக எழுதினார்களாம். நாடகம் படுத்துவிட்டது, பாட்டு மட்டும் எழுந்து நடந்துவிட்டது. விஷயம் காதல். வரத் தாமதமாகும் காதலனிடம், பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்கிறாள் ஒருத்தி. எங்கள் ஊரில் அந்தப் பாட்டு வாசித்தால் வந்துகொண்டிருப்பவர் யாரும் கிடையாது, போகிறவர் மட்டும்தான்.

நாற்பத்து இரண்டு பதிவுகள் சேர்த்தேன். பழையதில் பழையது, வயலின் கூட்டத்தோடு ஜீராவில் ஊறிய ஜாமூன் மாதிரி இருக்கும். கரகரத்த குரலில் ஒரு பெண் பாடியது உண்டு. தாளம் போன பிறகு ஒவ்வொரு வார்த்தையும் வரும், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவள் கதவைத் தட்டுவது போல. ஜப்பான்காரர்கள் மூன்று பேர் வாசித்தது ஆஸ்பத்திரித் தரை மாதிரி சுத்தம். ஒரு சாக்ஸபோன்காரர் பத்தொன்பது நிமிடம் வாசித்திருக்கிறார். முதலில் கொஞ்சம் மெட்டு தெரியும். பிறகு கேஜ் என்கிற லிஃப்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கிவிடுவார். எந்த லெவலில் இருக்கிறார், காற்று இருக்கிறதா, உயிரோடு இருக்கிறாரா, ஒன்றும் தெரியாது. பத்தொன்பதாவது நிமிடம் மெட்டோடு மேலே வந்து வெளிச்சத்தைப் பார்க்கும்போது நமக்குத்தான் மூச்சு வரும். கீழே வேலை பார்த்த அப்பாவுக்குப் பிள்ளையாகப் பிறந்தவனுக்கு அந்தப் பதிவைப் பற்றி யாரும் விளக்க வேண்டாம்.

அது எப்படி எங்கள் ஊருக்கு வந்தது? என் கொள்கை இது. வெள்ளைக்காரர்களின் கிளப்பில் சனிக்கிழமை டான்ஸ் நடக்கும். வாசித்தவர்களில் பாதிப் பேர் லைன் வீட்டு ஆட்கள். டான்ஸின் கடைசிப் பாட்டாக, ஜோடிகள் மெதுவாகச் சுற்ற, இதை வாசித்திருப்பார்கள். பிறகு ஒரு நாள் சுரங்கத்தில் யாரோ இறந்து, ஊர்வலத்துக்கு மெதுவான மெட்டு ஒன்று வேண்டியிருந்தபோது கையில் இருந்தது இதுதான். அங்கே கடைசி டான்ஸ், இங்கே கடைசிப் பயணம். இந்த வாக்கியத்தை நான் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

சொல்லிக் காட்டியது என் பள்ளித் தோழனிடம். எங்கள் ஊரில் ஸ்கெலட்டன் என்கிற பகுதியில் குடியிருக்கிறான். பேண்டு செட்டின் கிளாரினெட்டு அவன்தான், அவன் அப்பாவும் அதுவேதான். பியானோப் பதிவைப் போட்டுக் காது மெஷினை அவன் காதில் செருகினேன். கண்ணை மூடிப் பாதி கேட்டான்.

“யார்ரா இவன்?”

“அமெரிக்காக்காரன். செத்து ரொம்ப வருசம் ஆவுது.”

“எங்கப்பன் பாட்ட எத்துனு பூட்டுக்கிறான்.”

“இல்லபா. அவங்க பாட்டத்தான் உங்கப்பா…”

“எங்கப்பன் எப்படா அமெரிக்கா போனாரு?”

நான் நாற்பத்து இரண்டு பதிவுகளின் நோட்டைப் புரட்டினேன்.

“கிளப்புல வாசிச்சாரு, இல்லேன்னு சொல்லல,” என்றான் கொஞ்சம் இறங்கிவந்து. “ஆனா அத வச்சி நாங்க எத்தினி பேர தூக்கிக் குட்த்திருக்கோம்? நீ நோட்டுப் புக்கப் பாத்துனு பேசற. நாங்க நோட்டப் பாத்து வாசிக்கறதே இல்ல. தூக்கினு போறவன் கால் கீது பாரு, அதப் பாத்துதான் வாசிப்போம். அவன் நின்னா நிப்போம், அவன் நடந்தா நடப்போம்.”

ஆகா, இதுவல்லவா ஜாஸ் என்று புல்லரித்துப்போய், அந்த வரியை அப்படியே நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். எழுதினேனே தவிர, படிக்கவில்லை.

இந்த நிலையில் மகளுக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை அவள் கூட வேலை செய்பவர், மைசூர்க் கன்னடக் குடும்பம். நல்லவர்கள்தான். ஆனால் முதல் முறை வந்தபோதே சம்பந்தியம்மா, தங்கச் சுரங்கம் மூடியதை மனதில் வைத்து, “ஊரையே மூடிட்டாங்களாமே?” என்று கேட்டார், பால் கடையைக் கேட்பது போல. தூரத்தில் இருந்த சயனைடு மண் மேட்டைக் காட்டி, “அந்த மலைக்கு என்ன பேர்? ஏறலாமா?” என்றும் கேட்டார். தங்கத்தை எடுத்துக்கொண்டு கொட்டிவிட்டுப் போன மிச்சம் என்று சொல்ல மனமில்லாமல், “இன்னும் பேர் வைக்கலீங்க,” என்றேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். “அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பெங்களூர் ஹால் வேணாம், நம்ம ஊர்லயே வச்சிக்கலாம்னு நான்தான் சண்ட போட்டு வாங்கியிருக்கேன். அவங்க நம்ம ஊரப் பாத்து சிரிக்கறாப்ல ஒண்ணும் பண்ணிடாதீங்க. ப்ளீஸ்.”

“சேச்சே,” என்றேன்.

சிரிக்காமல் இருந்தால் போதுமா, அசந்துபோக வேண்டாமா? எங்கள் ஊரில் அந்தக் காலத்திலேயே ஜாஸ் இருந்தது என்று மைசூருக்குக் காட்ட இதைவிட நல்ல நாள் ஏது? மணப்பெண் உள்ளே வரும்போது அந்தப் பாட்டு. அசல் பாட்டு. காதல் பாட்டு. துள்ளலாக, வேகமாக.

மனைவியிடம் சொல்லவில்லை. அதிலிருந்தே என் மனசாட்சிக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று நீங்கள் ஊகிக்கலாம்.

தோழன், “வேணாம்பா,” என்றான். நாற்பத்து இரண்டில் மிக வேகமான பதிவைப் போட்டுக் காட்டினேன். “இந்த ஸ்பீடுல வாசிச்சா எவனுக்குத் தெரியும்?” என்றேன். அதையும் சோதித்தோம். ஒரு மாலை அவன் வீட்டு வாசலிலேயே கிளாரினெட்டு, டிரம்பெட்டு, இரண்டு டிரம்மோடு வேகமாக வாசித்தார்கள். தெருவில் போனவர்கள் செருப்போடு போனார்கள். ஒருவர் தலையாட்டிக்கொண்டே போனார். அறிவியல் முறைப்படி நிரூபணமாகிவிட்டது.

கல்யாணம் எங்கள் ஊரின் சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் ஒரு மண்டபத்தில். காலை பதினோரு மணி. வாசலிலிருந்து மேடை வரை நடுவில் பாதை, ஒரு பக்கம் மைசூர், ஒரு பக்கம் நாங்கள். பேண்டு செட்டு மேடைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நின்றது. கதவு திறந்தது. நான் கையைக் காட்டினேன். துள்ளிக்கொண்டு தொடங்கினார்கள். சம்பந்தி காலால் தாளம் போட்டார். நான் அவரைப் பார்த்து, எப்படி, என்பதுபோல் புருவத்தைத் தூக்கினேன்.

மகள் உள்ளே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. புடவைக் கொசுவம் தடுக்குமோ என்ற பயத்தில் அடி மேல் அடி வைத்தாள்.

கிளாரினெட்டு அவள் காலைப் பார்த்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அந்த மனுஷனின் கண் கீழே போனதை. நாற்பது வருடப் பழக்கம். அவள் ஓர் அடி வைத்தால் அவனும் ஓர் அடி. டிரம் அவனோடு இறங்கியது. டிரம்பெட்டு டிரம்மோடு இறங்கியது. நாலாவது அடியில் காதல் பாட்டு போய்விட்டது. ஆறாவது அடியில், மாசு மருவில்லாமல், எங்கள் தெருவின் பாட்டு.

எங்கள் பக்கம் இருநூறு பேர் ஒரே மூச்சில் எழுந்தார்கள். நாற்காலிகளுக்கு அடியில் செருப்புகள் சரசரவென்று கழன்றன. ஒரு ரிட்டயர்டு வாட்ச்மேன் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கண் சரியாகத் தெரியாத என் மனைவியின் அத்தை மூக்கை உறிஞ்சத் தொடங்கி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, “இன்னாடி, யாரு பூட்டாங்க?” என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தபடியே சொன்னாள்: “இன்னும் போவல அத்த. இப்பதான் போவப் போறாரு.”

நான் தோழனுக்குக் கையை ஆட்டி, வேகம், வேகம் என்று சைகை காட்டினேன். அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கையை எங்கே பார்ப்பான்?

அப்போதுதான் அது நடந்தது. சம்பந்தி எங்கள் பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். எழுந்தார். குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். அவரைப் பார்த்து அவர் மனைவி, அவரைப் பார்த்து மைசூர்ப் பக்கம் மொத்தமும். வீடியோக்காரர்கூட ஒரு காலில் நின்று செருப்பை உதறினார். “எஷ்டு மரியாதெ, எவ்வளவு மரியாதை!” என்றார் சம்பந்தி, என் பக்கம் வந்து காதில். “பெண் வரும்போது ஊரே எழுந்து செருப்பைக் கழற்றும் வழக்கத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை.”

“பழைய வழக்கங்க,” என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மகளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பாதி வழியில் என் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். சுரங்கத்தில் விளக்கு அணைந்தால் எப்படி இருக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், அன்றுதான் புரிந்தது. ஆனால் நிற்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை. மேடையேறி உட்கார்ந்து முகத்தைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுதாளா சிரித்தாளா என்று வீடியோவை எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். பூ மறைக்கிறது.

அதன் பிறகு மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. போன் வரும், மனைவிக்கு வரும். “அவரு நல்லாத்தான் கீறாரு,” என்று இவள் சொல்வது கேட்கும். நான் அந்த மூன்று மாதமும் சம்பந்தி வீட்டுக்கு உண்மை தெரிந்துவிடக் கூடாதே என்று வேண்டாத தெய்வமில்லை. எங்கள் வீட்டில் தெய்வமே கிடையாது என்பதால் பக்கத்து வீட்டுத் தெய்வங்களை வேண்டினேன். தோழனிடமும் டிரம்மர்களிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

இருந்திருந்து சம்பந்தியிடமிருந்து எனக்கே போன். சின்ன மகனுக்கு மைசூரில் கல்யாணம், உங்கள் ஊர் பேண்டு செட்டு வர வேண்டும், அதே பாட்டுத்தான் வேண்டும், அதே மாதிரி மெதுவாக. பார்க்கிறேன் என்று வைத்துவிட்டு, மானத்தை விட்டு மகளுக்குப் போன் செய்தேன். எடுத்தாள்.

“இன்னாம்மா பண்றது? அவங்களுக்கு விஷயம் தெரிஞ்சா உன்ன…”

“தெரியும்பா.”

“இன்னா தெரியும்?”

“கல்யாணம் முடிஞ்ச வாரமே நான் சொல்லிட்டேன். எங்க மாமியாரு சிரிச்சிச் சிரிச்சி பொரையேறி, மாமா தண்ணி எடுத்தாந்து குடுத்தாரு.”

ஆக, மைசூர் முழுக்கத் தெரிந்த ரகசியத்தை மூன்று மாதம் நான் ஒருவன் காப்பாற்றியிருக்கிறேன்.

“தெரிஞ்சுமா கேக்கறாரு?”

“மாமாக்கு அது புடிச்சிப் போச்சாம். செருப்பில்லாம நின்னு கேக்கறாப்ல ஒரு பாட்டு அவங்க வீட்டுக் கல்யாணத்துல இருந்ததே இல்லையாம்.”

போனை வைத்துவிடுவாளோ என்று பயம். வேறொன்றும் தோன்றாமல், எனக்குத் தெரிந்த ஒரே பேச்சைப் பேசினேன். அவள் கல்யாண வீடியோவிலிருந்து பாட்டை மட்டும் பிரித்தெடுத்து நாற்பத்து மூன்றாவதாகச் சேர்த்து வைத்திருப்பதைச் சொன்னேன். என் மனைவியின் அத்தை மூக்கை உறிஞ்சுவதும், செருப்புச் சத்தமும் அதில் தெளிவாகக் கேட்கும் என்றேன். பிறகு, எப்படியாவது பேச்சு நீளட்டும் என்று, நான் போகும் நாளில் அந்த நாற்பத்து மூன்றில் எதை வாசிக்கச் சொல்வாய், ஜப்பான்காரர்களா, பத்தொன்பது நிமிட சாக்ஸபோனா, இப்போதே யோசித்துச் சொல்லிவிடு என்று கேட்டேன்.

“என் கல்யாணத்துல வாசிச்சதுதான்.”